பனிக்காட்டுப் பங்காளிகள்

திண்டுக்கல்லில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் அறிவியல் வாத்தியார். அந்த வேலையோடு இன்னொன்றும் ஒட்டிக்கொண்டு வந்தது. காலை எட்டரைக்கும் மாலை ஐந்தரைக்கும் வானிலையை அளந்து சென்னைக்குத் தந்தி கொடுக்க வேண்டும். மைதானத்தின் ஓரத்தில் கம்பிவேலி கட்டி, உள்ளே நாலு காலில் நிற்கும் வெள்ளைப் பெட்டி ஒன்றும், மழைமானியும், காற்றுத் திசைகாட்டியும் நட்டு வைத்திருந்தார்கள். பெட்டிக்குள் வெப்பமானிகள். பதினைந்து வருஷத்துக்கு மேல் அந்த வேலியைத் திறந்து மூடினேன். அத்தனை வருஷத்திலும் ஒரே ஒரு காலை வாசிப்பைப் பற்றித்தான் இப்போது எழுத உட்கார்ந்திருக்கிறேன். அதை நான் எடுத்திருக்கக் கூடாது. அதை எடுக்கப் போனதால்தான் என் மனைவி செத்தாள். அப்படியெல்லாம் இல்லை என்று எனக்கு ஆறுதல் சொன்னவர்கள் உண்டு. அவர்களுக்கு நான் முழுசாகச் சொல்லவில்லை.

வேலை என்னவோ சுலபமானதுதான். எட்டு இருபதுக்கு உள்ளே போக வேண்டும். முதலில் மேகம், பிறகு காற்று, பிறகு வெப்பமானிகள். ஒரு வெப்பமானியின் குமிழில் ஈரமான மல் துணி சுற்றியிருக்கும். மூச்சு பட்டால் எண் மாறிவிடும் என்பதால் முகத்தைத் தள்ளி வைத்துக்கொண்டு பார்க்க வேண்டும். பார்த்ததைப் பதிவேட்டில் கட்டம் கட்டமாக எழுதி, ஐந்தைந்து இலக்கமாகக் குறியீட்டுக்கு மாற்றி, சைக்கிளில் தந்தி ஆபீசுக்குக் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு முதல் பீரியடுக்குத் திரும்ப வேண்டும். பெட்டியைத் திறந்து பார்த்து மூடுவதற்கு ஒரு ஆளா என்று தலைமையாசிரியர் என்னைக் கேலி செய்வார்.

சேர்ந்த முதல் வருஷம் காய்ச்சலில் படுத்து ஒரு மாலை வாசிப்பு விட்டுப்போனது. கட்டம் காலியாகக் கிடந்தது. அடுத்த மாதம் விளக்கம் கேட்டு மெமோ வந்தது. அதைத் தலைமையாசிரியர் ஆசிரியர் அறையில் எல்லார் முன்னாலும் வைத்து என்னிடம் நீட்டினார். யாரும் சிரிக்கவில்லை, ஆனால் யாரும் என்னைப் பார்க்கவும் இல்லை. மேலே இருப்பவன் வெறும் காய்ச்சலா என்று நினைப்பானே என்று பயந்து, இரண்டு வரி விளக்கத்தை மூன்று நாள் எழுதினேன். நம் ஊர்ச் சம்பளக்காரன் பாம்புக்குப் பயப்படுவதைவிடக் காகிதத்துக்கு அதிகம் பயப்படுவான். அதற்குப் பிறகு என் பதிவேட்டில் காலிக் கட்டமே இருக்கக் கூடாது என்று வைத்துக்கொண்டேன்.

ஐம்பத்தேழில் ஒரு சுற்றறிக்கை வந்தது. உலக நாடுகள் பல சேர்ந்து ஒன்றரை வருஷம் பூமியையும் காற்றையும் ஒன்றாக அளக்கப் போகின்றன என்றும், ஒவ்வொரு நிலையத்தாரும் நேரம் தவறாமல் இருக்க வேண்டும் என்றும் அதில் இருந்தது. அதோடு வந்த தட்டச்சுத் தாள்களைத்தான் நான் திரும்பத் திரும்பப் படித்தேன். தென்முனையில் பனிக்கட்டியின் மேல் குடில் போட்டு ஆட்கள் குளிர்காலம் முழுக்க இருக்கப் போகிறார்கள். அங்கே மாதக்கணக்கில் சூரியன் வராது. அந்த இருட்டில் பலூன் விடுவார்கள், காற்றை அளப்பார்கள், எண்களை ரேடியோவில் பக்கத்து நிலையத்துக்குச் சொல்வார்கள். பக்கத்து நிலையம் என்றால் நூற்றுக்கணக்கான மைல். அது வேறு நாட்டாருடையதாக இருக்கும். மற்ற இடங்களில் ஒருவன் தலையில் ஒருவன் குண்டு போடக் காத்திருந்த நாடுகள் அங்கே வானிலைக்காரர்களை மாற்றிக்கொண்டன. இவன் ஆள் அவன் குடிலில் ஒரு வருஷம், அவன் ஆள் இவன் குடிலில் ஒரு வருஷம். நம்முடைய எட்டரை மணிக்குத்தான் அவர்களும் வெப்பமானியைப் பார்ப்பார்கள்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. கரும்பலகையில் தென்முனையை வரைந்து திண்டுக்கல்லுக்கு ஒரு கோடு இழுத்துப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். தந்தி ஆபீஸ் குமாஸ்தாவிடம், கடைத்தெருவில், முடிவெட்டும் கடையில் என்று எல்லா இடத்திலும் பேசினேன். நான் ஒரு வாசிப்பை விட்டால் திண்டுக்கல்லில் மட்டும் ஓட்டை விழும் என்று நினைக்கவில்லை. பனிமுனைவரை போகும் ஏதோ ஒன்று நடுவில் அறுந்துவிடும் என்று நினைத்தேன். படித்தவன் இப்படியும் நினைப்பானா என்றால், நான் நினைத்தேன்.

என் மனைவி வேடசந்தூர்ப் பக்கத்துக் கிராமத்துக்காரி. எட்டாவது வரை படித்தவள். எங்களுக்குப் பிள்ளை இல்லை. வீடு மைதானத்துக்குப் பின்தெருவில் என்பதால் சாயங்கால வாசிப்புக்கு என்னோடு வருவாள். வானத்தை எட்டுப் பங்காக நினைத்துக்கொண்டு எத்தனை பங்கு மேகம் என்று சொல்ல வேண்டும். எனக்கு அது கடைசிவரை சரியாக வரவில்லை. அவள் தோசையைப் பிய்த்துப் பங்கு வைப்பதுபோல் ஒரு தடவை அண்ணாந்து பார்த்துவிட்டு, மூணு என்பாள். ஆய்வுக்கு வந்த அதிகாரி ஒருமுறை என் மேகக் கணக்கு மிக நன்றாக இருக்கிறது என்று பாராட்டினார். நான் தலையாட்டி வாங்கிக்கொண்டேன். ஈரத் துணியும் அவள் பொறுப்புதான். பேகம்பூரில் ஒரு துணிக்கடையில் மல் துணி வாங்கி, கஞ்சி போக அலசி, வாரம் ஒருமுறை மாற்றுவாள்.

பனியில் இருந்தவர்களுக்கு அவள் வைத்த பெயர் பங்காளிகள். காலையில் நான் அவசரமாகச் சட்டை மாட்டும்போது, "உங்க பனிக்காட்டுப் பங்காளிக எந்திரிச்சிட்டாகளா?" என்று கேட்பாள். பிறகு கேலியை விட்டுவிட்டு உண்மையிலேயே விசாரிப்பாள். பொம்பளையே இல்லாத இடத்தில் யார் சமைப்பது, அம்புட்டுக் குளிரில் சோற்றுக்குத் தொட்டுக்கொள்ள வெஞ்சனத்துக்கு என்ன செய்வார்கள், ஒருவனுக்கு உடம்புக்கு வந்தால் யாரிடம் தூக்கிக்கொண்டு ஓடுவது என்றெல்லாம். கடைசிக் கேள்விக்காகத் தட்டச்சுத் தாள்களை மறுபடி புரட்டிப் பார்த்தேன். அது அதில் இல்லை.

ஐம்பத்தெட்டில் ஆடி மாதம் ஊரில் காலரா பரவியது. நகராட்சி ஆட்கள் தமுக்கடித்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். கிணறுகளில் மருந்து போட்டார்கள். பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளை ஊசிக்கு வரிசையில் நிறுத்தியவனே நான்தான். ஆகவே எனக்குத் தெரியாது என்று சொல்ல வழியே இல்லை. அவள் ஊசி போட்டுக்கொள்ளவில்லை. நானும் வற்புறுத்தவில்லை.

அண்ணன் ஊரில் ஒரு காதுகுத்துக்குப் போய்விட்டு முந்தின நாள் சாயங்காலம்தான் திரும்பியிருந்தாள். காலையில் வயிற்றுப்போக்கு ஆரம்பித்தது. அப்போது மணி ஆறு நாற்பது. கடிகாரம் பார்ப்பது எனக்கு வியாதியாகவே ஆகியிருந்தது. விருந்துச் சாப்பாடு ஒத்துக்கொள்ளவில்லை என்று சொல்லி ஓமத்தண்ணீர் வைத்துக் கொடுத்தேன். குடித்ததும் வாந்தி. ஏழரைக்குள் ஏழெட்டுத் தடவை போய்விட்டாள். கஞ்சித்தண்ணீர் மாதிரி போகிறது என்று அவளே சொன்னாள். அது என்ன அறிகுறி என்று அந்த மாதம் திண்டுக்கல்லில் சின்னப் பிள்ளைக்கும் தெரியும்.

ஏழே முக்காலுக்குப் பேகம்பூர் ஜட்கா வண்டிக்காரர் எங்கள் தெருவுக்கு வந்தார். அடுத்த வீட்டுப் பிள்ளைகளைத் தினமும் பள்ளிக்கூடத்துக்கு ஏற்றிப்போகிறவர். நான் ஓடிப்போய் அவரை நிறுத்தினேன். அவர் வாசலில் நின்று உள்ளே பார்த்தார்.

"இப்பவே ஏத்திருவோம் வாத்தியாரே. பிள்ளைக நடந்து போகட்டும்" என்றார்.

நான் அவரிடம் சொன்னதை அப்படியே எழுதுகிறேன். "ஒம்பதே காலுக்கு வாங்க பாய். தந்தி குடுத்துட்டு வந்துர்றேன்."

அவர் வண்டியைத் திருப்பினார். அடுத்த வீட்டு அம்மாளோடு அவளை ஏற்றி அனுப்பியிருக்கலாம். வாசிப்பு முடிந்ததும் தந்தியை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று திரும்பியிருக்கலாம். எத்தனையோ செய்திருக்கலாம். அவை ஒன்றுகூட அன்றைக்கு என் மண்டையில் உதிக்கவில்லை.

கிளம்பும்போது அவள் முகத்தைப் பார்த்துத் தயங்கி நின்றேன். அவள்தான் சொன்னாள்: "போய்ட்டு வாங்க. இல்லாட்டி மெமோ வரும். செத்த நேரத்துல என்ன ஆயிரப்போகுது." அந்த வார்த்தையைப் பல வருஷம் எனக்குச் சாட்சியாக வைத்துக்கொண்டு காலம் தள்ளினேன். அவளே போகச் சொன்னாள் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்வேன். மெமோவுக்குப் பயப்பட அவளுக்குக் கற்றுக்கொடுத்தவன் யார் என்று கேட்டுக்கொண்டதில்லை.

வேலிக்குள் நின்று மேகத்தைப் பார்த்தேன். ஐந்தா ஆறா என்று குழம்பினேன். ஈரத் துணி நன்றாக நனைந்திருந்தது. வெப்பமானியைப் பார்த்துவிட்டு நம்பிக்கையில்லாமல் இன்னொரு முறை பார்த்தேன். அந்த நேரத்தில் என்ன நினைத்தேன் என்பதையும் சொல்லிவிடுகிறேன். பனியில் ஒருவன் விரல் மரத்துப்போக நின்று இதே நிமிஷத்தில் பார்க்கிறான், நான் வீட்டில் வயிற்றுப்போக்கு என்று சாக்குச் சொல்வதா என்று நினைத்தேன். அதில் ஒரு பெருமை இருந்தது. எழுதவே கூசுகிறது. ஆனால் இருந்தது.

தந்தி ஆபீசில் எனக்கு முன்னால் இரண்டு பேர் நின்றார்கள். வீடு திரும்பியபோது ஒன்பது பத்து. ஜட்கா வாசலில் நின்றது. பாய் எட்டரைக்கே பிள்ளைகளை இறக்கிவிட்டுத் திரும்பி வந்து காத்திருந்திருக்கிறார். உள்ளே அவள் கண்கள் குழிக்குள் போயிருந்தன. துணி துவைத்து முடித்தவளுடையதுபோல் விரல்கள் சுருங்கிக் கிடந்தன. ஏதோ சொன்னாள், குரல் வரவில்லை. வண்டிக்காரரும் நானும் அவளைப் படுக்கைப் பாயோடு சேர்த்துத் தூக்கி ஏற்றினோம்.

ஆஸ்பத்திரியில் டாக்டர் எப்போது ஆரம்பித்தது என்று கேட்டார். ஆறு நாற்பது என்றேன். ஏறக்குறைய ஏழு என்றோ, விடிந்ததும் என்றோ சொல்லத் தெரியாதவன். அவர் சுவர்க் கடிகாரத்தை நிமிர்ந்து பார்த்தார். பத்தாகப் பத்து நிமிஷம் இருந்தது. உப்புநீர் ஏற்ற அவள் கையில் நரம்பு கிடைக்கவில்லை. காலில் கத்தி வைத்துத் தேடினார்கள். பன்னிரண்டு மணிக்கு மேல் எல்லாம் முடிந்துவிட்டது.

காலரா என்பதால் உடம்பை வைத்திருக்க விடவில்லை. அன்று மாலையே சுடுகாடு. அவள் அண்ணன், என் மச்சான், தகவல் கிடைத்து மூன்று மணிக்கு வேடசந்தூரிலிருந்து சைக்கிளில் வந்து சேர்ந்தார். மிளகாய்த் தோட்டத்திலிருந்து அப்படியே கிளம்பியிருந்தார், காலில் சேறு காய்ந்திருந்தது. என் தோளைப் பிடித்துக்கொண்டு எப்போது ஆரம்பித்தது என்று அவரும் கேட்டார். எட்டரைக்கு மேல்தான் என்றேன். வாசிப்பு எடுத்துவிட்டு வருகிறேன், இப்படிக் கிடக்கிறாள், உடனே தூக்கிக்கொண்டு ஓடினேன் என்றேன். பதிவேட்டில் ஒரு எண்ணைக்கூடப் பொய்யாக எழுதாதவன் நான்.

இன்னொன்றையும் மறைக்க வேண்டியதில்லை. சுடுகாட்டிலிருந்து தலை முழுகிய ஈரத்தோடு வந்து ஐந்தரை மணி வாசிப்பையும் எடுத்தேன். மச்சான் வேலிக்கு வெளியே நின்று பார்த்துக்கொண்டிருந்தார். மறுவாரம் தலைமையாசிரியர் காலைக் கூட்டத்தில் பிள்ளைகளிடம் அதைச் சொல்லி, கடமை என்றால் இதுதான் என்றார். பிள்ளைகள் கை தட்டினார்கள்.

பிறகு வருஷங்கள் போயின. அந்த ஒன்றரை வருஷத் திட்டம் முடிந்தும் பனியில் ஆட்கள் இருந்தார்கள். அந்தக் கண்டத்தில் இனி யாரும் புதிதாகச் சொந்தம் கொண்டாடுவதில்லை, எடுக்கும் எண்கள் எல்லாருக்கும் பொது என்று நாடுகள் கையெழுத்துப் போட்டதாகப் பேப்பரில் படித்தேன். நானும் வேலியைத் திறந்து மூடிக்கொண்டிருந்தேன். மல் துணியை நானே அலசக் கற்றுக்கொண்டேன். மேகத்தை மட்டும் குத்துமதிப்பாக எழுதினேன். மச்சான் வெள்ளாமை எடுத்ததும் எனக்குப் பங்கு கொடுத்துவிடுவார். தங்கச்சியைக் காப்பாற்ற அந்த மனுஷன் என்ன பாடு பட்டார் தெரியுமா என்று ஊரில் என்னைப் பற்றிச் சொல்லிவைத்திருந்தார். திதிக்குப் போனால் எனக்குத்தான் முதல் இலை. அந்தச் சோறு எனக்கு ஒருநாளும் இறங்கியதில்லை.

அறுபத்து மூன்றோ நாலோ, ஆய்வுக்கு வந்த அதிகாரி என் பைத்தியம் தெரிந்தவராக ஒரு தடித்த புத்தகத்தைக் கொண்டுவந்து கொடுத்தார். பனி நிலையம் ஒன்றின் வாசிப்புகளை அச்சடித்து எல்லா நாடுகளுக்கும் அனுப்பியிருந்தார்கள். சென்னையில் இரண்டு பிரதி இருந்ததாம். பள்ளிக்கூடம் விட்டதும் காலியான வகுப்பில் உட்கார்ந்து பக்கம் பக்கமாகப் பார்த்தேன். வெறும் எண்கள்தான். எனக்கு அது போதும். ஒவ்வொரு நாளிலும் நம் எட்டரை மணிக் கட்டத்தில் விரலை வைத்துக்கொண்டே போனேன்.

ஒரு பக்கத்தில் விரல் நின்றது. இரண்டு நாள் முழுக்கக் கோடு மட்டும் போட்டிருந்தது. வெப்பம் இல்லை, காற்று இல்லை, மேகம் இல்லை. கீழே சின்ன எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு குறிப்பு. நிலையத்தாரில் ஒருவரைக் காணவில்லை என்றும், மற்ற எல்லாரும் பனிப்புயலில் அவரைத் தேடப் போயிருந்ததால் வாசிப்பு எடுக்கவில்லை என்றும் இருந்தது. அவ்வளவுதான். அவர் கிடைத்தாரா என்று அட்டவணை சொல்லவில்லை. மூன்றாம் நாள் எண்கள் மறுபடி ஆரம்பித்திருந்தன.

அந்த இரண்டு நாளுக்கும் யாரும் விளக்கம் கேட்டிருக்கவில்லை. காலியாக இருப்பதை அப்படியே அச்சடித்து, அட்டை போட்டு, உலகத்துக்கெல்லாம் அனுப்பியிருந்தார்கள். பீரோவிலிருந்து நம்முடைய கையேட்டை எடுத்துப் பார்த்தேன். எடுக்க முடியாமல் போன வாசிப்பைக் காலியாக விட்டுக் காரணம் எழுது என்று அதிலும் இருந்தது. எத்தனையோ தடவை படித்த பக்கம்தான். என்னுடைய மெமோகூட அதையேதான் கேட்டிருக்கிறது, காரணம் எழுது என்று. நான்தான் அதைத் தூக்குத் தண்டனையாக எடுத்துக்கொண்டிருக்கிறேன். அவள் செத்த அன்றைக்கு நான் சரியாக அழவில்லை. அந்த வகுப்பில் டெஸ்க்கில் தலையை வைத்துக்கொண்டு அழுதேன்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேடசந்தூருக்கு பஸ் ஏறினேன். மச்சான் தோட்டத்தில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். வரப்பில் நின்றபடியே சொன்னேன். ஆறு நாற்பது, வண்டியைத் திருப்பி அனுப்பியது, தந்தி, நான் சொன்ன பொய் எல்லாம். பனியில் இருந்தவர்கள் ஒரு ஆளுக்காக இரண்டு நாளைக் காலியாக விட்டதையும் சொன்னேன். அவர் மண்வெட்டியால் ஒரு பாத்தியை அடைத்து அடுத்ததைத் திறந்தார். அந்தப் பாத்தி நிறையும்வரை தண்ணீரைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"அன்னைக்கு நீங்க எழுதுன கணக்கு இப்ப எங்க இருக்கு?" என்றார்.

"சென்னையில இருக்கு மச்சான்."

"அத எடுத்துரச் சொல்லுங்க மாப்ள. எந்தங்கச்சிய அப்படிப் போட்டுட்டுப் போயி எழுதுன கணக்கு யாருக்கும் வேணாம். எடுத்தாச்சுன்னு வந்து சொல்லுங்க. அப்புறமா வீட்டுக்குள்ள வாங்க."

அவர் சத்தம் போடவில்லை. பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்றுகூட நினைவூட்டினார். அன்று நான் அந்த வீட்டில் தண்ணீர் குடிக்காமல் திரும்பினேன்.

அவர் கேட்டது எனக்கு நியாயமாகப் பட்டது. செய்ய முடிந்த ஒரே காரியமாகவும் பட்டது. சென்னைக்கு எழுதினேன். இன்ன தேதி காலை வாசிப்பை எடுத்தபோது என் மனம் நிலையில் இல்லை, அது பிழையாக இருக்கும், தயவுசெய்து அதை நீக்கிக் கட்டத்தைக் காலியாக வைக்க வேண்டும் என்று. பிழை இல்லை என்பது எனக்குத் தெரியும். அந்த வெப்பமானியை நான் இரண்டு தடவை பார்த்தவன். இருந்தாலும் எழுதினேன். அவளுக்காகச் செய்த ஒரு காரியம் என்றால் அந்தப் பொய்தான்.

ஒன்றரை மாதம் கழித்துப் பதில் வந்தது. மரியாதையான கடிதம். அந்த வாசிப்பை மதுரையோடும் கொடைக்கானலோடும் ஒப்பிட்டுப் பார்த்ததாகவும், ஒரு பிழையும் இல்லை என்றும், மேகக் கணக்கு உட்பட எல்லாம் பொருந்துவதாகவும் எழுதியிருந்தார்கள். தவிர, அந்தக் காலத்து வாசிப்புகள் எல்லா நாடுகளும் சேர்ந்து வைத்திருக்கும் பொதுத் தொகுப்பில் போய்விட்டன. ஓரிடத்தில் தீப்பிடித்தாலும் போர் வந்தாலும் அழியாதபடி வெவ்வேறு நாடுகளில் பிரதிகள் இருக்கின்றன. பனி நிலையங்களின் எண்களும் அங்கேதான் இருக்கின்றன. ஆகையால் நீக்குவதற்கில்லை. இத்தனை வருஷம் கழித்தும் இவ்வளவு அக்கறை காட்டியதற்கு எனக்கு நன்றி சொல்லியிருந்தார்கள்.

கடிதத்தைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு பஸ் நிலையத்துக்கு இரண்டு மூன்று தடவை போனேன். எடுக்க முடியாது என்பதைச் சொல்லலாம். அது சரியாக இருக்கிறது, உலகத்தார் பத்திரமாக வைத்திருக்கிறார்கள் என்று அவர் முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? ஒவ்வொரு தடவையும் பஸ் கிளம்பியதும் வீட்டுக்கு நடந்துவிட்டேன். எடுத்தாச்சு என்று ஒரு பொய் சொல்லியிருக்கலாம். அவரிடம் இரண்டாவது பொய் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவரும் ஆள் விட்டுக் கேட்கவில்லை.

சில வருஷம் கழித்து மச்சான் மாரடைப்பில் போய்விட்டார். தகவல் வந்ததும் கிளம்பினேன். மைத்துனன் முறைக்கு நான் உள்ளே போய் மாலை போட வேண்டும். உறவுக்காரர்கள் கையைப் பிடித்து இழுத்தார்கள், வாத்தியாருக்கு வழி விடுங்கப்பா என்றார்கள். அந்தக் கணக்கு சென்னையில் அப்படியே இருந்தது. நான் வாசலிலேயே நின்றுகொண்டேன்.